நான் சொன்னதை அப்படியே எழுதுங்கள்

கார் ஒர்க்ஷாப்களில் சர்வீஸ் அட்வைசர்களாக வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



ஷோரூம் முதலாளிக்கும் கார் கம்பெனிக்கும் எழுத வேண்டியதை எல்லாம் வக்கீல் நோட்டீஸாகவும் புகார் மனுவாகவும் எழுதிவிட்டேன். அந்த மனு இப்போது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. அந்த வழக்கில் யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்கப்போகிற காகிதங்கள் உங்கள் கையால் தயாரானவை. முதலாளியும் கம்பெனியும் என் வண்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நான் பேசியது உங்களோடு மட்டும்தான்.

விஷயம் இதுதான். திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பத்து லட்சத்துக்குள் அடங்கும் ஒரு பெட்ரோல் காரைப் புதிதாக, பாதிக்கு மேல் வங்கிக் கடனில் வாங்கினேன். டெலிவரி எடுத்த சில வாரங்களிலேயே ஒரு கோளாறு தலைகாட்டியது. ஏ.சி. போட்டு அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னலுக்கோ வேகத்தடைக்கோ வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் சட்டென்று அணைந்துவிடும். உடனே சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. சற்று நேரம் ஆறவிட்டால் பழையபடி ஓடும். தினமும் வராது. காலையில் குளிர்ந்த எஞ்சினோடு ஒர்க்ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் வரவே வராது.

ஒவ்வொரு தடவையும் உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதே வார்த்தைகளில்தான் சொன்னேன். தம்பி தலையாட்டினார், டைப் அடித்தார், டேப்லெட்டை என் பக்கம் திருப்பி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். அச்சடித்த ஜாப் கார்டு பிரதி வண்டியைத் திரும்ப எடுக்கும்போது பில்லோடு சேர்ந்து வரும். அவற்றை எல்லாம் இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். பதிவு எண் சரி. சேசிஸ் எண் சரி. ஓடிய கிலோமீட்டர், டேங்கில் இருந்த பெட்ரோல் எல்லாம் சரி. காரின் படத்தில் பின் பம்பரில் இருந்த சின்னக் கீறலைக்கூட வட்டமிட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சொல்லும் குறை என்ற கட்டத்தில் மட்டும், ஒரு கார்டில் 'ஜெனரல் செக்கப்', இன்னொன்றில் 'பிக்கப் குறைவு', மற்றொன்றில் 'செக்கப், வாட்டர் வாஷ்'. எஞ்சின் அணைகிறது என்று எதிலும் இல்லை. வேலை முடிந்ததும் எழுதும் கட்டத்தில் 'ஓட்டிப் பார்த்தோம், ஓகே' என்று இருக்கிறது.

ஷோரூம் தரப்பு ஆணையத்தில் போட்ட பதிலுரையின் சாரம் இது: மனுதாரர் எஞ்சின் அணைவதாக ஒருநாளும் எங்களிடம் புகார் செய்யவில்லை, வழக்கமான பராமரிப்புக்குத்தான் வந்துபோனார், அதற்கு அவரே கையெழுத்திட்ட ஜாப் கார்டுகள் சாட்சி. கூடவே அத்தனை கார்டுகளின் நகலும் இணைப்பு.

அந்தக் கார்டுகள் 'ஓகே' என்று சொன்ன வண்டியில்தான் ஒரு மாலை திருச்சி ஜி கார்னர் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் என் அம்மா, பின்னால் மகள். போக்குவரத்து நெருக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ் ஒன்று குறுக்கே வந்ததால் வேகத்தைக் குறைத்தேன். எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வேக்குவம் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் தாங்காது. அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்து ஒடிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தபடி மயிரிழையில் விலகிப் போனார். டீக்கடையில் நின்றிருந்த இளைஞர்கள் ஓடி வந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். அம்மா அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காரில் இன்றுவரை ஏறவும் இல்லை.

அன்று வண்டி கொக்கி வண்டியில்தான் உங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்தது. மறுநாள் நானும் போனேன். ஸ்கேனரைப் பொருத்தியதும் திரையில் ஒரு கோளாறு எண் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். பி0335. கிராங்க் சென்சார் சர்க்யூட்டைக் குறிக்கும் எண் அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கோளாறு எண் பதிவாகும்போது அந்தக் கணத்தில் எஞ்சின் எவ்வளவு சூட்டில் இருந்தது, எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் போனது என்பதையும் எஞ்சின் கணினி சேர்த்துச் சேமித்து வைக்கும். நான் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்த அத்தனையும் அதில் எண்களாக இருந்திருக்கும். தம்பி அதைப் பிரிண்ட் எடுக்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. கோளாறு எண்ணை அழிக்கும் பொத்தானை அழுத்தினார். எண்ணோடு அந்தக் குறிப்புகளும் போயின. "கிளியர் பண்ணியாச்சு மேடம், இனிமே வராது" என்றார். கார்டில் 'சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது' என்று எழுதினார்.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. டேஷ்போர்டில் எரியும் விளக்கை அணைத்துக் கொடுப்பதே வேலை என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியில் கோளாறு பிடிபட்டது, அதே கம்பெனியின் வேறோர் ஊர் ஒர்க்ஷாப்பில். அங்கே மேஜையில் இருந்தது ஒரு சின்னப் பெண். நான் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தி, கேள்வி கேட்டார். வண்டி சூடான பிறகா, குளிராக இருக்கும்போதா? ஏ.சி. போட்டிருந்தீர்களா? ஓடும்போதா, நிற்கும்போதா? திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம்? பதில்களை அப்படியே டைப் அடித்து, திரையை என் பக்கம் திருப்பி, "சரியா இருக்கான்னு படிச்சுப் பாருங்க அக்கா" என்றார். 'ஏ.சி. போட்டு அரை மணி ஓடியபின் வேகம் குறைக்கும்போது எஞ்சின் ஆஃப் ஆகிறது, பத்து நிமிடம் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது.' இவ்வளவுதான் அந்த வரி.

அதைப் படித்த மெக்கானிக் அண்ணன் வண்டியை உடனே தொடவில்லை. ஏ.சி.யைப் போட்டு, ரேடியேட்டர் ஃபேன் பலமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஐடிலில் விட்டார். பிறகு பானட்டைத் திறந்து, ஒயரிங்கை ஒவ்வோர் இடமாக விரலால் மெல்ல அசைத்துக்கொண்டே போனார். கிராங்க் சென்சார் கனெக்டர் அருகே கை போனதும் எஞ்சின் அணைந்தது. கனெக்டரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே இருக்க வேண்டிய பின்களில் ஒன்று முழுதாக உட்காராமல் பின்னால் தள்ளியிருந்தது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விட்டுவிடும். தொழிற்சாலையில் ஒயரிங் பூட்டிய நாளிலேயே அது அப்படித்தான் இருந்திருக்கும் என்றார். அன்று மாலையே சரிசெய்து கொடுத்தார்கள். அதன்பிறகு வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

இரண்டு ஒர்க்ஷாப்பிலும் இருந்தது ஒரே ஸ்கேனர், ஒரே பயிற்சி, ஒரே கம்பெனி. அங்கே அந்தப் பெண் எழுதிய வரி இருந்தது, அதனால் மெக்கானிக்குக்கு வண்டியை முதலில் சூடேற்ற வேண்டும் என்று தெரிந்தது. இங்கே 'ஜெனரல் செக்கப்' என்ற கார்டைக் கையில் வாங்கிய மெக்கானிக் என்ன செய்வார்? ஆயில் பார்ப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டுவார், காம்பவுண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவியை மாட்டுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. இரவில் மட்டும் காய்ச்சல் வருகிறது என்று நோயாளி சொன்னதைச் சீட்டில் எழுதாமல் விட்டால், பகலில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும் டாக்டருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

நீங்கள் எழுதும் அந்த ஒரு வரிக்கு ஒர்க்ஷாப்புக்கு வெளியே எவ்வளவு கனம் இருக்கிறது என்பதை உங்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982லேயே, திரும்பத் திரும்பப் பழுதாகும் புதுக் கார்களுக்கென்று தனிச்சட்டம் போட்டது. சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் இருந்து, கார் உள்படப் பொதுவாகப் பொருள்களுக்கே அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொருளைக் கொடுத்த ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது கொடுத்தபோதே இருந்ததாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. நம் நாட்டில் கார்களுக்கென்று அப்படித் தனிச்சட்டம் கிடையாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும். நல்ல சட்டம்தான். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். என் காரின் விலைக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குறை இருந்தது என்று காட்டும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான்.

எப்படிக் காட்டுவது? சோதனை செய்துதான் குறையை அறிய முடியும் என்றால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சொல்கிறது 38ஆம் பிரிவு. அந்தச் செலவை முதலில் புகார் செய்தவர்தான் கட்ட வேண்டும். காரைப் பொறுத்தவரை நடைமுறையில் ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ பார்க்கச் சொல்வார்கள். அவர் பார்க்கும் நாளில், சூடானால் மட்டும் வரும் கோளாறு வர வேண்டுமே! என் காரில் அதைச் சரிசெய்தும் ஆகிவிட்டது. இனி எந்த நிபுணர் பார்த்தாலும் நல்ல வண்டிதான். அப்புறம் மிஞ்சுவது ஜாப் கார்டுகள் மட்டும். வண்டி எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன குறையோடு வந்தது என்று அன்றைக்கே எழுதிய காகிதம் வேறு எதுவும் கிடையாது.

நான் புதுக் கார் கேட்கவில்லை. மாருதி உத்யோக் சம்பந்தப்பட்ட ஒரு கிளட்ச் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித்தரும் கடமைதான், முழுக் காரையே மாற்றித்தரும் கடமை அல்ல என்று சொல்லி, அந்த வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு மட்டும் கொடுத்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மனு எழுதினேன். நான் கேட்பது, கோளாறு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், அலைச்சலுக்கும் அன்றைய ஆபத்துக்கும் இழப்பீடு தர வேண்டும், வாரண்டியை நீட்டித்துத் தர வேண்டும் என்பவைதான். அதே நீதிமன்றம் 2022இல் ஹூண்டாய் கிரெட்டா வழக்கில் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. 2017இல் நடந்த விபத்தில் முன் ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்ற வாதத்தை ஏற்காமல், கார் வாங்குகிறவர் இயற்பியல் கணக்குப் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் சொல்லி, 3 லட்சம் ரூபாய் இழப்பீட்டையும் காரை மாற்றித்தரும் உத்தரவையும் உறுதிசெய்தது. அங்கே விரியாத ஏர்பேக் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. என் காரின் கனெக்டருக்குள் இருந்த பின் யார் கண்ணுக்கும் தெரியாது. நீங்கள் எழுதியிருந்தால் மட்டுமே தெரியும்.

உங்கள் முதலாளிகளுக்குமே இதில் நல்லதுதான். கோவாவில் ஒருவருக்கு, 2009இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடிய டாடா காரை 2011 வண்டி என்று டீலர் கொடுத்துவிட்டார். 2021இல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்ததற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது, இருவருக்கும் இடையே இருப்பது தனித்தனி வியாபாரிகள் என்ற ஒப்பந்தம், டீலர் செய்தது தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பதும் நிரூபணமாகவில்லை என்று கம்பெனியை விடுவித்தது. பொறுப்பு டீலரோடு நின்றது. என் வழக்கிலும் கம்பெனி இதே தனித்தனி வியாபாரிகள் வாதத்தை வைக்கிறது. தொழிற்சாலைக் கோளாறு என்று சொல்லிக் கம்பெனி பக்கம் கைகாட்ட உங்கள் முதலாளிக்கு இருந்திருக்கக்கூடிய ஒரே ஆதாரம் அந்தக் கோளாறு எண்ணும் ஜாப் கார்டும்தான். அது இல்லாததால் இப்போது கோளாறே இல்லை என்று அவர் சாதிக்க வேண்டியிருக்கிறது.

இது என் ஒரு வண்டியோடு போவதும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஒரு மாடலில் குறிப்பிட்ட விகிதத்தில் வண்டிகளுக்கு ஆபத்தான குறை இருப்பதாகப் புகார் வந்தால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிட முடியும். அதே நாளில், அதே வரிசையில் ஒயரிங் பூட்டிய வண்டிகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் எத்தனை 'ஜெனரல் செக்கப்' ஆகிப் போனதோ, அதைத்தான் நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன். எழுதாத புகார் எந்தக் கணக்கிலும் சேராது.

உங்கள் மேஜையின் நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. காலை ஒன்பது மணிக்கு வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் பின்னால் நிற்பவர் கத்துவார். வாரண்டியில் செய்த வேலைக்குக் கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்கும், சரியாக இல்லை என்றால் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். காசுக்குச் செய்யும் பாலிஷ், கோட்டிங், இன்சூரன்ஸ் புதுப்பிப்பு என்று மாதத்துக்கு இவ்வளவு என டார்கெட் வேறு. வண்டி வெளியே போன பிறகு கம்பெனியில் இருந்து போன் வரும், அதில் பத்துக்குப் பத்து வாங்காவிட்டால் உங்கள் ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள். "போன் வந்தா பத்துன்னு சொல்லிடுங்க மேடம், ப்ளீஸ்" என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்டபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று ஒருநாள் பேச்சோடு சொல்லியிருந்தார். ஆனால் அந்தப் பத்து மார்க்கும் இப்போது 'மனுதாரர் முழுத் திருப்தி தெரிவித்தார்' என்று பதிலுரையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதனால் உங்கள் முதலாளியை எதிர்த்துச் சண்டை போடுங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் கைக்குள் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

வாடிக்கையாளர் சொல்வதை அவர் சொல்லும் விதத்திலேயே எழுதுங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் பரவாயில்லை. சூடாகவா, குளிராகவா, எந்த வேகத்தில், ஏ.சி. இருந்ததா என்று நீங்களாகக் கேளுங்கள், எங்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது. கையெழுத்து வாங்கும் முன் அந்த வரியைப் படிக்கவிடுங்கள். அந்தப் பிரதியை வண்டியை விடும்போதே கையில் கொடுங்கள். கோளாறு எண் வந்தால் அழிக்கும் முன் திரையைப் பிரிண்ட் எடுத்துக் கார்டோடு பின் அடியுங்கள், எங்களுக்கும் ஒரு நகல் கொடுங்கள். தேடியும் கோளாறு வரவில்லை என்றால் 'எங்கள் சோதனையில் வரவில்லை' என்றே எழுதுங்கள். அது உண்மை, அதற்காக யாரும் உங்கள் மேல் கோபப்பட மாட்டார்கள். சரிசெய்யாததைச் சரிசெய்ததாக எழுதுவதுதான் ஜி கார்னரில் ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. தெரிந்த வாடிக்கையாளருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக்கூடச் சொல்லலாம். ஒர்க்ஷாப் மேல் நம்பிக்கை உள்ளவர் அதை அழைக்கும் அவசியமே வராது.

என் வழக்கைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அன்று ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணின் பதிவு காரில் இருந்து அழிந்துவிட்டது. அந்த ஸ்கேனர் கம்பெனியின் கணினியோடு இணைத்து ஓடியது. அன்றைய சோதனையின் பதிவு இருந்தால் அதைத் தாக்கல் செய்யச் சொல்லி ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 'இல்லை' என்று சொல்லும்படி உங்களில் யாரிடமாவது கையெழுத்துக் கேட்டு ஒரு காகிதம் வரலாம். வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை கணினியில் தேடிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
திருச்சி.